இறங்கிய விமானத்துக்கு இடம் காட்ட வேண்டியது யார்?

காரைக்காலில் விமான நிலையம் இல்லை. ஆனால், மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்த 21 புதிய விமான நிலையங்களின் பட்டியலில் காரைக்காலின் பெயர் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதே பட்டியலில் இருந்த கண்ணூர், ஷீரடி, பாக்யோங், மோபா எல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டுவிட்டன. காரைக்கால் இன்னும் காகிதத்தில் நிற்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர் வாழும் இந்த மாவட்டத்திலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பாரிஸுக்கோ போகிறவர்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் காரில் ஓடுகிறார்கள். 'எங்களுக்கும் ஒரு விமான நிலையம்' என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. எழும்போதெல்லாம் பேச்சு நிலத்தைச் சுற்றியும், ஓடுபாதையின் நீளத்தைச் சுற்றியும், யார் முதல் போடுவார் என்பதைச் சுற்றியுமே போகிறது. இறங்கிய விமானம் எங்கே போய் நிற்கும், அந்த இடத்தை அதற்கு யார் காட்டுவார், வழி தவறினால் யார் பொறுப்பு என்று கேட்பவர் இல்லை. விமானப் போக்குவரத்து வரலாற்றின் மிகக் கோரமான சில சாவுகள் வானத்தில் நடக்கவில்லை. தரையில், பழக்கமில்லாத ஒரு விமான நிலையத்தில், 'நான் எங்கே இருக்கிறேன்' என்ற குழப்பத்தில் நடந்திருக்கின்றன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முதல் கடமை வந்த விமானிக்கு உரியதல்ல, வரவேற்கும் நிலையத்துக்கு உரியது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், சக்கரம் தரையைத் தொட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பயணிகள் செல்போனை ஆன் செய்யும் அந்த நேரத்தில் விமானி ஓடுபாதையை விட்டு டாக்ஸிவே என்னும் இணைப்புப் பாதைக்குத் திரும்புகிறார். கட்டுப்பாட்டு அறை அவருக்கு ஒரு 'பே' எண்ணைச் சொல்கிறது. அந்த எண் உள்ள இடம்தான் விமானம் நிற்க வேண்டிய இடம். அங்கே போகத் தரையில் ஒரு மஞ்சள் கோடு வளைந்து செல்லும். விமானத்தின் மூக்குச் சக்கரம் அந்தக் கோட்டின் மேலேயே உருள வேண்டும். ஆனால், பெரிய விமானங்களில் மூக்குச் சக்கரம் விமானியின் இருக்கைக்குக் கீழே, அதற்கும் பின்னால் இருக்கிறது. அவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே, தான் வளைவைத் தாண்டிக் கொஞ்சம் போன பிறகே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இறக்கையின் நுனியும் பல விமானங்களில் விமானியின் பார்வைக்கு எட்டாது. ஏ320, போயிங் 737 ரக விமானங்களின் இறக்கை அகலம் ஏறக்குறைய 36 மீட்டர். பேயில் நிற்கும்போது அந்த அளவு விமானத்துக்கும் பக்கத்தில் உள்ள எதற்கும் நடுவே சர்வதேச விதி கேட்கும் இடைவெளி 4.5 மீட்டர்தான். அதைவிடப் பெரிய ரகங்களுக்கு 7.5 மீட்டர். கண்ணால் பார்க்க முடியாத ஓர் இறக்கையை, நான்கரை மீட்டர் இடைவெளியில், முதல் தடவை வந்த ஊரில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அந்த வேலை.

இதற்கு உதவி இரண்டு வகையில் கிடைக்கிறது. பெரிய நிலையங்களில் பேயின் எதிரே சுவரில் மின்திரை ஒன்று இருக்கும். வரும் விமானத்தின் ரகத்தை அது முதலில் எழுத்தில் காட்டும். பிறகு இடம், வலம் என்று அம்புக்குறி, கடைசியில் இன்னும் எத்தனை மீட்டர் என்று இறங்கும் எண், நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு. திரையில் தெரியும் ரகமும் தன் விமானமும் ஒன்றாக இல்லையென்றால் விமானி உள்ளே நுழையக் கூடாது. ஏனென்றால், ஒவ்வொரு ரகத்துக்கும் மூக்குச் சக்கரம் நிற்க வேண்டிய குறி வேறு. ஏரோபிரிட்ஜ் வந்து ஒட்ட வேண்டிய கதவும் வேறு. திரை இல்லாத நிலையங்களில் மார்ஷலர் நிற்பார். ஒளிரும் கோல் இரண்டையும் பிடித்த கைகளைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தினால், 'உன் இடம் இதுதான்' என்று பொருள். உலகம் முழுக்க ஒரே சைகை. அந்தச் சைகையைப் பார்த்த பிறகுதான் வெளியூர் விமானிக்கு ஊர் தெரிகிறது. பழைய கருவிகளில் ஒரு குறை உண்டு. ஒளிக்கோட்டை வைத்து நேர் பார்க்கச் சொல்லும் ஒரு வகைக் கருவி இடது இருக்கைக் கண்ணுக்கு மட்டுமே பொருத்தப்பட்டது. வலது இருக்கையில் இருப்பவர் அதை நம்பினால் கோட்டை விட்டு விலகிப் போவார். இரு இருக்கைக்கும் பொருந்துவதாக அமையுங்கள் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆம் இணைப்பு பரிந்துரைக்கிறது. இவ்வளவு நுணுக்கமும் விமானத்துக்குள் இல்லை. சுவரிலும் தரையிலும் மார்ஷலரின் கையிலும் இருக்கிறது. அதாவது, நிலையத்தின் கையில் இருக்கிறது.

சின்னக் குழப்பங்கள் எப்படி நேர்கின்றன என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2011 ஏப்ரல் 11 இரவு நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்தில் கோமேர் நிறுவனத்தின் சின்ன ஜெட் ஒன்று தன் பேக்குள் போக முடியாமல் வெளியே காத்திருந்தது. அதன் வால் டாக்ஸிவே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வழியே வந்த ஏர் பிரான்ஸின் ஏ380, கிட்டத்தட்ட 80 மீட்டர் அகல இறக்கையோடு, அந்த வாலில் இடித்து முழு ஜெட்டையும் பம்பரமாகத் திருப்பிவிட்டது. யாருக்கும் காயமில்லை என்பது நல்லூழ். நம் நாட்டில், 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்படக் காத்து நின்ற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையில் இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது. இண்டிகோ விமானிகள் இருவரும் உடனே பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். விசாரணை முடியும்வரை அது சரியான நடைமுறைதான். ஆனால், பொதுப் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. 'விமானி கவனிக்கவில்லை' என்ற ஒரு வரியில் செய்தி அடங்கிவிடுகிறது. நிற்கும் விமானத்துக்கும் நகரும் விமானத்துக்கும் நடுவே அந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி வகுக்கப்பட்டிருந்தது, எங்கே நிற்க வேண்டும் என்ற குறி எவ்வளவு தெளிவாக இருந்தது என்று வாசகர் கேட்பதும் இல்லை, பத்திரிகைகள் எழுதுவதும் இல்லை.

அதே மார்ச் 27, 1977-ஆம் ஆண்டில், ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில் நடந்ததை இந்தக் கோணத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கே.எல்.எம்., பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். கேப்டன் அனுமதி கிடைக்குமுன் புறப்பட்டார் என்பதே மோதலுக்கு நேரடிக் காரணம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால், அந்த இரண்டு விமானங்களும் அந்த நிலையத்துக்கு வர வேண்டியவையே அல்ல. பக்கத்துத் தீவின் நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்டவை. டெனெரீஃபின் லோஸ் ரோதியோஸ் சின்ன நிலையம். ஒரே ஓடுபாதை, அதற்குப் பக்கவாட்டில் ஒரே டாக்ஸிவே. திருப்பிவிடப்பட்ட விமானங்களை நிறுத்த இடமில்லாமல் டாக்ஸிவே மேலேயே நிறுத்திவிட்டார்கள். கே.எல்.எம். எரிபொருள் நிரப்பிக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற பான் ஆம் விமானம் புறப்படத் தயாராகிவிட்டது. ஆனால், பக்கவாட்டில் கடந்து போக இடம் சுமார் 12 அடி குறைவாக இருந்தது. பான் ஆம் பணியாளர்கள் கீழே இறங்கி அளந்து பார்த்துவிட்டு, முன்னால் நிற்பது நகரும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் மலைமேகம் இறங்கி மூடியது. டாக்ஸிவே அடைபட்டிருந்ததால் இரண்டு விமானங்களும் ஓடுபாதை வழியாகவே எதிர்த்திசையில் ஊர்ந்து போக வேண்டிவந்தது. மூன்றாவது வழியில் வெளியேறு என்று பான் ஆமுக்குச் சொன்னார்கள். அந்த வழிகளில் எந்தப் பலகையும் இல்லை, எண்ணும் இல்லை. மூன்றாவது வழியோ ஒரு 747 திரும்ப முடியாத அளவுக்குப் பின்னோக்கி மடங்கியது. வழி தேடி நான்காவதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் எதிரே விளக்குகள் தெரிந்தன. கேப்டனின் அவசரம் கடைசிக் கண்ணி. விமானங்கள் நிற்கும் தளமான ஏப்ரனில் இடமில்லாததும், எண் எழுதாத திருப்பங்களும் அதற்கு முன்னமே கோத்து வைக்கப்பட்ட கண்ணிகள்.

இன்னும் வெளிப்படையான சாட்சி மிலானின் லினாத்தே நிலையம். 2001 அக்டோபர் 8 காலை, கடும் பனி. மேற்கு ஏப்ரனில் நின்ற சிறிய செஸ்னா ஜெட்டுக்கு, வடக்கே ஆர்-5 வழியாகப் போ என்று உத்தரவு. ஏப்ரனிலிருந்து கிளம்பும் மஞ்சள் கோடு சிறிது தூரத்தில் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஆர்-5, வலப்பக்கம் ஆர்-6. ஆர்-6 ஓடுபாதையைக் குறுக்காக வெட்டுகிறது. விமானிகள் வலப்பக்கம் திரும்பிவிட்டார்கள். போகிற வழியில் தரையில் 'எஸ்-4' என்று எழுதியிருந்ததைப் பார்த்து வானொலியில் சொல்லவும் செய்தார்கள். இந்த இடத்தில்தான் நெஞ்சு பதைக்கிறது. அந்த 'எஸ்-4' என்ற குறி எந்த வரைபடத்திலும் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்கும் அப்படி ஓர் இடம் இருப்பது தெரியாது. சொன்னவர் வழி தவறிவிட்டார் என்று உணர்த்தக்கூடிய ஒரே வார்த்தை, கேட்டவருக்குப் பொருளற்றுப் போனது. பழைய தரை ரேடார் கழற்றப்பட்டிருந்தது, புதியது பொருத்தப்படவில்லை. புறப்பட்டு ஓடிவந்த எஸ்.ஏ.எஸ். விமானம் செஸ்னாவில் மோதியது. தரையில் இருந்த நான்கு பேரோடு சேர்த்து 118 பேர் இறந்தார்கள். செஸ்னா விமானிகள் அந்தப் பனியில் இயக்கும் தகுதி பெறாதவர்கள் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அந்தத் தவறை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், தன் தரையில் தானே எழுதிய குறியைத் தன் ஆளுக்கே சொல்லித்தராத நிலையம், வெளியாளிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? 2004-இல் மிலான் நீதிமன்றம், கட்டுப்பாட்டாளரோடு நிலையத்தின் இயக்குநரையும் குற்றவாளியாக்கியது. சிலர் மேல்முறையீட்டில் விடுபட்டார்கள். என்றாலும், பொறுப்பு விமானியோடு முடிவதில்லை என்று ஒரு நீதிமன்றம் வாய்திறந்து சொன்னது.

காரைக்காலுக்கு இதில் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. விமான நிலையம் இல்லாவிட்டாலும் இந்த ஊருக்குத் துறைமுகம் இருக்கிறது. கீழவாஞ்சூர் கரையில் 2009 முதல் இயங்கும் துறைமுகம், 2023-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. ஐந்து கப்பல் தளங்கள், ஆண்டுக்கு 2.15 கோடி டன் சரக்கைக் கையாளும் திறன். நிலக்கரி ஏற்றிய பெரிய கப்பல் ஒன்று எங்கிருந்தோ வந்து வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேப்டன் முப்பது வருடம் கடலில் இருந்தவராக இருக்கலாம். ஆனாலும், அவர் தானாகத் துறைமுகத்துக்குள் நுழைவதில்லை. துறைமுகத்தின் சொந்த பைலட் படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று வழி சொல்கிறார். அலைதடுப்பு எங்கே, மணல் எங்கே சேர்ந்திருக்கிறது, இந்த மாதத்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இழுவைப் படகுகள் கப்பலை அணைத்துத் தளத்தில் சேர்க்கின்றன. 1908-ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டமே, அந்தப் பிரிவு நீட்டிக்கப்பட்ட துறைமுகங்களில் 200 டன் அல்லது அதற்கு மேற்பட்ட கப்பல் பைலட் இல்லாமல் நுழையவும் நகரவும் கூடாது என்று சொன்னது. கப்பலின் இறுதிப் பொறுப்பு கேப்டனிடமே இருக்கிறது. ஆனால், உள்ளூர் அறிவைக் கொடுக்கும் பொறுப்பு துறைமுகத்துடையது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. நூறு வருடத்துக்கும் மேலாகக் கடலில் செல்லுபடியாகும் இந்தப் பாகுபாடு, விமான நிலையத்தின் ஏப்ரனில் மட்டும் ஏன் மங்கிப் போகிறது?

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. விமானி கையில் வரைபடம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, சந்தேகம் வந்தால் நின்று கேட்கலாம், நிற்காமல் போனால் தவறு அவருடையதுதானே என்பார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்.கியூ.006 இந்த மறுப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது. 2000 அக்டோபர் 31 இரவு, புயல் மழையில், தைபேயில் இடது ஓடுபாதைக்குப் போக வேண்டிய விமானம், பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்த வலது ஓடுபாதையில் திரும்பிப் புறப்பட்டுக் கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். ஓடுபாதை மூடப்பட்ட செய்தி விமானிகளுக்குத் தரப்பட்டிருந்தது. வழி சரிபார்க்கக் கருவிகளும் இருந்தன. அவர்கள் தவறினார்கள் என்று தைவான் விசாரணை சொன்னதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால், மூடிய பாதையின் வாயில் தடுப்பு ஏதும் வைக்கப்படவில்லை என்பதையும் அதே விசாரணை பதிவு செய்தது. மனிதன் களைப்பில், மழையில், புது இடத்தில் தவறுவான் என்பது விமானத் துறையே ஒப்புக்கொண்ட அடிப்படை. அதனால்தான் விமானத்துக்குள் முக்கியமான கருவிகளுக்கு மாற்றுக் கருவி வைக்கிறார்கள். தவறுவான் என்று தெரிந்தே தரையில் ஒரு தடுப்பு வைக்காமல் விடுவதை என்னவென்று சொல்வது? விமானியின் தவறைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தவறு சாவாக மாறுமா, அல்லது ஒரு நிமிடத் தாமதமாக முடியுமா என்பதைத் தீர்மானிப்பது நிலையம் என்பதற்காக எழுதுகிறோம்.

திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்கு ஆந்திரத்திலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வரும் பக்தர் நளதீர்த்தத்துக்கு வழி தெரியாமல் தவறான தெருவில் நுழைந்தால், நாம் அவரைத் திட்டுவதில்லை. தெலுங்கிலும் இந்தியிலும் பலகை வையுங்கள் என்று நிர்வாகத்தைத்தான் கேட்கிறோம். ஊருக்கு வருகிறவர் புதியவர், ஊரில் இருப்பவர் பழையவர். முன்கூட்டியே ஏற்பாடு செய்ய நேரமும் வசதியும் இரண்டாமவருக்கே உண்டு. அதே நியாயம் ஏப்ரனுக்கும் பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு பணம் பற்றியது. ஒரு நாளைக்கு நான்கைந்து விமானம் வரும் சிறிய நிலையத்துக்கு மின்திரையும் தரை ரேடாரும் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புதுச்சேரியையே பாருங்கள். 1,500 மீட்டர் அளவுள்ள ஓடுபாதை. 2024 மார்ச்சில் ஸ்பைஸ்ஜெட் சேவை நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோ தன் ஏ.டி.ஆர். விமானத்தோடு பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் தொடங்கியது. இந்தப் போக்குவரத்துக்குக் கோடிக்கணக்கில் கருவி வாங்கச் சொல்வது வீண். ஆனால், இங்கே கேட்பது கருவியை மட்டும் அல்ல. மழையில் மங்காத வண்ணத்தில் கோடு, இரவில் தெரியும் பே எண், தரையில் எழுதியதும் வரைபடத்தில் அச்சானதும் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியதும் ஒன்றாக இருப்பது, கையில் கோலோடு ஒரு பயிற்சி பெற்ற ஆள். இவற்றுக்கு ஆகும் செலவு முனையக் கட்டடத்தின் கண்ணாடி முகப்புக்கு ஆவதோடு ஒப்பிட்டால் பொருட்டே இல்லை. சொல்லப்போனால் சின்ன நிலையத்துக்குத்தான் இது அதிகம் தேவை. பெரிய நிலையத்துக்கு வரும் விமானிகள் மாதத்துக்குப் பலமுறை வருகிறவர்கள். சின்ன நிலையத்துக்கு வருகிறவரோ ஆண்டில் ஒரு முறை வருகிறவராக இருக்கலாம். ஏ.டி.ஆர். விமானத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. பயணிகள் இறங்கும் கதவு வால் பக்கம், சரக்குக் கதவு முன் பக்கம், நடுவே சுழலும் புரொபெல்லர். ஏரோபிரிட்ஜ் இல்லாத இடத்தில் பயணிகள் தரையில் நடக்கிறார்கள். எங்கே நிற்கிறது என்பதில் வரும் பிழை இங்கே நேராக நடக்கும் மனிதர்களைத் தொடுகிறது. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், ஹைதராபாத்துக்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியா விமானத்தின் எஞ்சின் தரைப் பணியாளர் ஒருவரை இழுத்துக் கொன்றது. தரையில் நிற்பவருக்கும் விமானி அறைக்கும் நடுவே ஒரு சைகை பிழையாகப் புரிந்துகொள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

தொழில்நுட்பமே இதைத் தீர்த்துவிடும் என்கிற மூன்றாவது மறுப்பும் உண்டு. விமானியின் கையில் உள்ள டேப்லெட்டில் நிலைய வரைபடத்தின் மேல் விமானமே நகரும் புள்ளியாகத் தெரிகிறது. இது பெரிய முன்னேற்றம். லினாத்தேயில் அது இருந்திருந்தால் ஒருவேளை பலர் பிழைத்திருக்கலாம். ஆனால், அந்த வரைபடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது நிலையம்தான். நிலையம் தவறாக எழுதிக் கொடுத்தால் டேப்லெட் தவறைத்தான் காட்டும். பக்கத்து பேயில் நேற்று நிறுத்திய ஏணி வண்டி அதில் தெரியாது.

எதிர்பாராமல் வந்திறங்கும் விமானங்களைப் பற்றி இங்கே கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் டெல்டா கடற்கரைக்கு அதுதான் மிக நெருக்கமான விஷயம். 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் சென்னை விமான நிலையத்துக்குள் புகுந்தது. அதன் இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மேலேயே போகிறது. நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தைப் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிட்டார்கள். நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை இருந்ததால் இறங்குவதில் சிக்கலில்லை. ஆனால், கடற்படையின் கண்காணிப்பு விமானங்களுக்காக அமைந்த அந்தத் தளத்தில் ஏரோபிரிட்ஜும் கிடையாது, பயணிகள் முனையமும் கிடையாது. கடற்படையினர் தங்கள் தரையை அறிந்தவர்களாக இருந்ததும், வந்தவர்களுக்கு வழிகாட்டக்கூடிய கட்டுப்பாடு அங்கே பழக்கமாக இருந்ததும்தான் அந்த நாட்களைக் காப்பாற்றின. டெனெரீஃபில் இல்லாதது அங்கே இருந்தது. 2008-இல் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரை கடந்தது. 2018-இல் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. காரைக்காலில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் இங்கே ஓடுபாதை வந்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சென்னையும் திருச்சியும் மூடினால், இதுவரை இந்த ஊரைப் பார்த்தே இராத விமானிகள் இங்கே வந்து இறங்குவார்கள். அன்று இருட்டில், மழையில், 'பே எங்கே' என்று தேடுவார்கள்.

இல்லாத நிலையத்துக்கு இப்போதே இவ்வளவு ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் ஒன்றுதான். ஏப்ரனின் கோடுகளும் இடைவெளிகளும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் முடிவு செய்யப்படுபவை. கொட்டிய பிறகு இரண்டு பேக்கு நடுவே இரண்டு மீட்டர் கூட்ட முடியாது. பின்னோக்கி மடங்கும் டாக்ஸிவேயை நேராக்க முடியாது. லோஸ் ரோதியோஸின் மூன்றாவது வழி ஒரு பொறியாளரின் மேசையில் வரையப்பட்டபோது அங்கே 747 வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். முப்பது வருடம் கழித்து வரப்போகும் விமானத்துக்கும் சேர்த்து இன்றே இடம் விட வேண்டும் என்பது அந்த விபத்து தரையில் எழுதிவைத்த பாடம்.

ஆகவே, புதுச்சேரி அரசும் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகமும் காரைக்கால் திட்டத்தை மறுபடி கையில் எடுக்கும் நாளில் டெண்டர் ஆவணத்திலேயே சில நிபந்தனைகளை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அவசரத்துக்குத் திருப்பிவிடப்படும் விமானங்களை டாக்ஸிவேயை அடைக்காமல் நிறுத்த தனி இடம் ஒதுக்க வேண்டும். தரையில் எழுதப்படும் ஒவ்வொரு குறியும் வெளியிடப்படும் வரைபடத்தில் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் நிலையத்துக்கு வெளியே உள்ள ஒருவர் நடந்து சரிபார்க்க வேண்டும். அட்டவணையில் இல்லாத விமானம் வந்தாலும் மார்ஷலர் ஒருவர் நேரம் காலம் பாராமல் இருக்க வேண்டும். முதல் முறை வரும் விமானத்துக்கு முன்னால் வழிகாட்டி வண்டி போக வேண்டும். இவற்றுக்குக் காரைக்கால் வெளிநாடு போய்ப் படிக்க வேண்டியதில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கப்பல் ஏறும் பைலட்டுகளை அழைத்து, வெளியூர்க் கேப்டன்களை எப்படி உள்ளே கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டு அந்தத் திட்டத்தை எழுதத் தொடங்கலாம்.